வீட்டு ரெக்கார்டிங்கில் பழைய டேப் ஃபிளாஞ்சிங்: கையால் செய்யும் முறை

குளியலறையில் ஷவரை முழுக்கத் திறந்துவிடுங்கள். அதைப் பார்த்தபடி நின்று, ஒரு சாப்பாட்டுத் தட்டைக் காதுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். இப்போது தட்டை மெதுவாகக் காதை நோக்கிக் கொண்டுவாருங்கள். வெறும் 'ஷ்ஷ்' என்றிருந்த தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஏதோ ஒன்று சுருதி ஏறுவது கேட்கும். தட்டைத் தள்ளினால் அது இறங்கும். தண்ணீர் மாறவில்லை, ஷவர் மாறவில்லை, தட்டு மட்டும்தான் நகர்ந்தது.

காதுக்கு ஒரே சத்தம் இரண்டு முறை வந்து சேர்கிறது: ஒன்று நேராக, இன்னொன்று தட்டில் பட்டுத் திரும்பி. தட்டு 17 செ.மீ. தள்ளி இருந்தால் பட்டுத் திரும்பும் ஒலி 34 செ.மீ. கூடுதலாகப் பயணம் செய்கிறது. ஒலியின் வேகத்துக்கு அது 1 மில்லி விநாடி. இந்த ஒரு மில்லி விநாடிக்குள்தான் நம்முடைய முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் இதை வேறு விதமாகக் கேட்டிருப்பார்கள். தலைக்கு மேல் ஜெட் விமானம் போகும்போது அதன் இரைச்சல் நேராகவும், தரையில் பட்டும் காதுக்கு வருகிறது. அப்போது குனிந்து உட்கார்ந்தால் இரைச்சலின் சுருதி ஏறும். பழைய பாடல்களில் 'விமானம் போகிற மாதிரி' என்று சொல்லப்படும் அந்தச் சுழல் ஓசைக்கு, அதாவது ஃபிளாஞ்சிங்குக்கு, அடிப்படை இதுதான்.

தயவுசெய்து தட்டை வைத்து ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு மேலே படியுங்கள். காதில் ஒரு முறை விழுந்துவிட்டால் எண்கள் எல்லாம் சுலபமாகப் பிடிபடும்.

இரண்டு இயந்திரங்களும் ஒரு விரலும்

ஒரே பதிவின் இரண்டு பிரதிகளை இரண்டு ஸ்பூல் டேப் இயந்திரங்களில் ஒன்றாக ஓடவிட்டு, இரண்டையும் கலந்து மூன்றாவது இயந்திரத்தில் பதிவு செய்வது பழைய முறை. முதல் இயந்திரத்தின் ரீல் விளிம்பில் விரலை லேசாக வைத்தால் அது ஒரு துளி மெதுவாகும், அந்தப் பிரதி பின்தங்கும். விரலை எடுத்து இரண்டாவது இயந்திரத்தின் ரீலில் வைத்தால் அது மெதுவாகி, முன்னால் போனது பின்னால் வரும். ஓரிடத்தில் இரண்டும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டி, அப்புறம் கடந்து போகும். ரீலின் அந்த விளிம்புக்கு ஆங்கிலத்தில் ஃபிளாஞ்ச் என்று பெயர்.

ஸ்டூடியோ டேப் விநாடிக்கு 38 செ.மீ. வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் 1 மில்லி விநாடி என்பது 0.38 மி.மீ. நீளமுள்ள டேப், ஏறக்குறைய ஒரு விரல் நகத்தின் தடிமன். இரண்டு பெரிய இயந்திரங்களை அந்த அளவு நுட்பத்தில் ஒரு மனிதர் விரலால் ஆட்டிவைத்தார் என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்குவதில்லை.

1966-இல் லண்டன் ஈஎம்ஐ ஸ்டூடியோவில் கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர் இதற்கு நெருங்கிய உறவான ஒன்றைச் செய்தார். பாடகர் ஒரே வரியை இரண்டு முறை பாடாமலே இரட்டைக் குரல் கிடைக்க வேண்டும் என்பது அவர் முன் இருந்த வேலை. டேப் ஓடும்போது, வழக்கமாக ஒலியை எடுக்கும் தலைக்கு முன்பே அதைத் தொடுவது பதிவுத் தலை. முதல் இயந்திரத்தின் அந்தப் பதிவுத் தலையிலிருந்தே ஒலியைக் கொஞ்சம் முன்கூட்டி எடுத்து இரண்டாவது இயந்திரத்துக்கு அனுப்பினார். அங்கே அது பதிவாகித் திரும்ப வரும் நேரத்துக்குள் முதல் இயந்திரத்தின் வழக்கமான ஒலியும் வந்து சேர்ந்துவிடும். இரண்டாவது மோட்டாரின் வேகத்தை ஆசிலேட்டர் ஒன்றால் மாற்றினால் பிரதி முன்னும் போகும், பின்னும் போகும். ஏடிடி, அதாவது செயற்கை இரட்டைப் பதிவு, என்று அதற்குப் பெயர் வந்தது. அதே உபாயத்தில் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் இரட்டைக் குரல் மறைந்து ஃபிளாஞ்சிங் வந்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் இரண்டு பதிவுகளைக் கேளுங்கள். 1959-இல் டோனி ஃபிஷர் பாடி வெளிவந்த 'தி பிக் ஹர்ட்', 1967-இல் ஸ்மால் ஃபேசஸ் குழு வெளியிட்ட 'இச்சிகூ பார்க்'. இரண்டாவதில் இந்த வேலையைச் செய்தவர் ஒலிம்பிக் ஸ்டூடியோவின் ஜார்ஜ் கியாண்ட்ஸ். ஃபிளாஞ்சிங் எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்த அடியில் உச்சிக்குப் போகிறது என்று தாளம் போட்டபடி கேளுங்கள். இரண்டாவதில் பாட்டு முழுக்க அது இல்லை. தேவைப்படும் இடத்தில் வருகிறது, வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறது.

சாதாரண ஃபிளாஞ்சர் ஏன் அப்படி ஒலிப்பதில்லை

உங்கள் மென்பொருளில் ஏற்கெனவே ஒரு ஃபிளாஞ்சர் இருக்கும். அதைப் போட்டால் டேப் மாதிரி ஒலிக்காது. குறை அந்தப் பிளகினில் (மென்பொருளோடு சேரும் துணைக் கருவியில்) இல்லை. பெரும்பாலான ஃபிளாஞ்சர்கள் 1970-களின் கிட்டார் பெடல்களின் வழிவந்தவை. அந்தப் பெடல்களில் சிறிய டிலே சிப் ஒன்று ஒலியின் பிரதியைத் தாமதப்படுத்தும், அசல் ஒலி நேராகப் போகும். பிரதி எப்போதும் அசலுக்குப் பின்னால்தான். நெருங்கி வரும், ஒட்டாது; கடந்து போகவே முடியாது. ஒட்டாததால் உச்சி கிடைக்காது. அந்தக் குறையை நிரப்ப, வெளிவந்த ஒலியை மறுபடி உள்ளே விடும் ஃபீட்பேக்கைக் கூட்டுவார்கள், குழாய்க்குள் பேசுவது போன்ற உலோக ஓசை சேரும். அந்த ஓசைக்கும் ஓர் அழகு உண்டு, ஆனால் அது டேப்பின் ஓசை இல்லை.

இன்னொன்று, பெடலுக்குள் தாமதத்தைத் தானாக மாற்றும் எல்எஃப்ஓ என்ற மெதுவான ஆசிலேட்டர் இருக்கிறது. ஊஞ்சல் மாதிரி ஒரே சீராக மேலும் கீழும் போய்வரும். பாட்டில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. டேப் முறையில் விரல் வைத்தவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் அனுபவத்தில் இந்த வேலை முழுவதும் ஒரே முடிவில் நிற்கிறது: இரண்டு பிரதிகளும் ஒட்டிக் கடக்கும் அந்தக் கணத்தைப் பாட்டில் எந்த இடத்தில் வைக்கப்போகிறீர்கள்? அந்தக் கணத்தை இந்தக் கட்டுரையில் பூஜ்ஜியம் என்று சொல்கிறேன். பூஜ்ஜியத்தின் இடம் சரியாக இருந்தால் மிகச் சாதாரணக் கருவிகளிலேயே நல்ல பலன் வரும்.

கொஞ்சம் கணக்கு

இரண்டு பிரதிகள் சிறு தாமதத்தோடு கலந்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று கூட்டிக்கொள்ளும், சில அழிந்துபோகும். வரைந்து பார்த்தால் சீப்பின் பற்களைப் போல ஒழுங்கான பள்ளங்கள் தெரியும். முதல் பள்ளம் எங்கே விழும் என்பதைக் கண்டுபிடிப்பது எளிது: 500-ஐத் தாமதத்தின் மில்லி விநாடியால் வகுத்தால் போதும். 1 மில்லி விநாடி என்றால் 500 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் 1500, 2500, 3500 என்று போகும். தாமதம் 0.5 ஆனால் முதல் பள்ளம் 1000, 0.25-க்கு 2000, 0.1-க்கு 5000, 0.05-க்கு 10,000 ஹெர்ட்ஸ்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தாமதம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் முதல் பள்ளம் ஒரு ஸ்தாயி மேலே ஏறுகிறது. 4 மில்லி விநாடியிலிருந்து 2-க்கு வர நேரம் பிடிக்கிறது, ஏறியதோ ஒரே ஒரு ஸ்தாயி. கடைசி 0.25 மில்லி விநாடிக்குள் மீதி மூன்று ஸ்தாயிகளுக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. அதனால்தான் டேப் ஃபிளாஞ்சிங்கில் ஓசை முதலில் சோம்பேறித்தனமாக நகர்ந்து, பூஜ்ஜியத்தை நெருங்கும்போது சட்டென்று பறந்து, மறுபக்கம் போய் மறுபடி இறங்குகிறது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் அளவுக்கு அதிகமாக இழுத்துவிடுகிறார்கள். 10, 15 மில்லி விநாடி போனால் சீப்பு மறைந்து எதிரொலிபோல, இரட்டைக் குரல்போல ஆகிவிடும். நம் களம் இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 4 மில்லி விநாடி, அவ்வளவுதான்.

எந்த ஒலிக்குப் போடலாம்

சீப்பு வாருவதற்குத் தலையில் முடி வேண்டும். அதாவது, ஒலியில் கீழிருந்து மேல் வரை எல்லா அதிர்வெண்களும் நிறைந்திருக்க வேண்டும். டிரம் செட்டின் சிம்பல்கள், வாசித்துத் தள்ளும் அக்கூஸ்டிக் கிட்டார், டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார், கைத்தட்டல், பலர் சேர்ந்து பாடும் கோரஸ் எல்லாம் அருமையாகப் பிடிக்கும். தனிப் புல்லாங்குழலில் போட்டால் ஒலி ஏறி இறங்குவதுதான் தெரியும், சுழல் தெரியாது. தம்புராவில் போட்டுப் பார்த்தேன். தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா என்ற நூலால் அதன் நாதத்தில் மேல்ஸ்வரங்கள் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால், பள்ளம் நகரும்போது உள்ளிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக எட்டிப்பார்க்கிறது. இன்று வரை எனக்குப் பிடித்த ஃபிளாஞ்சிங் அதுதான்.

பாஸ் கிட்டாரையும் கிக் டிரம்மையும் இதிலிருந்து விலக்கி வையுங்கள். தாமதம் 5 மில்லி விநாடியைத் தொட்டால் பள்ளம் 100 ஹெர்ட்ஸில் விழும், பாட்டின் அடித்தளமே ஆடும். அந்தக் காலத்தில் முழு மிக்ஸையும் சேர்த்தே போட்ட பதிவுகள் உண்டு. முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

தயாரிப்பு: முதலில் மௌனம்

ஃபிளாஞ்சிங் போட வேண்டிய பகுதியை எல்லா பிளகின்களோடும் சேர்த்து ஒரே மோனோ ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஈக்யூ, கம்ப்ரஸர், ரிவெர்ப் எல்லாம் அதற்குள் போய்விடட்டும். அந்த ஃபைலை இரண்டு டிராக்குகளில் ஒரே இடத்தில் வையுங்கள். அவற்றை முதல் பிரதி, இரண்டாம் பிரதி என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேரும்போது ஒலி 6 டெசிபல் கூடும், ஆகவே இரண்டையும் 6 டெசிபல் இறக்கிவிடுங்கள். இரண்டையும் இடம், வலம் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவிலேயே வையுங்கள்.

இப்போது இரண்டாம் பிரதியின் போலாரிட்டியைத் தலைகீழாக்குங்கள், அதாவது அலையின் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் மாற்றுங்கள். பல மென்பொருள்களில் குறுக்குக் கோடு போட்ட வட்டமாக அந்தப் பொத்தான் இருக்கும். பிளே செய்தால் எதுவும் கேட்கக் கூடாது, முழு மௌனம். துளி ஒலி கேட்டாலும் இரண்டு பிரதிகளும் சரியாக ஒட்டவில்லை என்று பொருள். மௌனம் கிடைக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். கிடைத்ததும் போலாரிட்டியைப் பழையபடி திருப்பிவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆரம்பத்தில் இரண்டு இரவுகள் முழுக்க ஒரு கிட்டார் டிராக்கோடு உட்கார்ந்திருந்தேன். சுழல் ஏறும், ஏறும், நடு உயரத்தில் போய் நின்றுவிடும். உச்சி திறக்கவே இல்லை. தாமதத்தை மாற்றினேன், வளைவை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு பிரதியின் டிராக்கில் மட்டும் லிமிட்டர் ஒன்று இருந்தது தெரிந்தது. அது முன்கூட்டிப் பார்ப்பதற்காக 64 சாம்பிள் எடுத்துக்கொள்கிறது, அதை என் மென்பொருள் ஈடுகட்டவில்லை. சாம்பிள் என்பது டிஜிட்டல் ஒலியின் ஒரு துளி. விநாடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் 64 சாம்பிள் என்றால் 1.33 மில்லி விநாடி, முதல் பள்ளம் 375 ஹெர்ட்ஸ். என் சுழல் நின்ற இடமும் அதுதான். முதல் நாளே போலாரிட்டியைத் தட்டிப் பார்த்திருந்தால் பத்து விநாடியில் தெரிந்திருக்கும்.

ஒலி அளவும் இரண்டிலும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பிரதி 6 டெசிபல் குறைவாக இருந்தால் சீப்பின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 9.5 டெசிபல்தான். சமமாக இருந்தால் பள்ளம் அடியோடு போகும். சுழல் மங்கலாகத் தெரிந்தால் முதலில் ஃபேடர்களைப் பாருங்கள்.

முதல் வழி: பிரதியை மெதுவாக்குவது

டேப்பில் நடந்ததற்கு மிக அருகில் இருப்பது இந்த வழி. ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் நான் செய்வதைச் சொல்கிறேன். வேகத்தை மாற்றும்போது சுருதியும் கூடவே மாற விடும் எந்த மென்பொருளிலும் இதைச் செய்யலாம்.

பூஜ்ஜியத்தை முடிவு செய்யுங்கள். உதாரணமாக, சரணம் முடிந்து பல்லவி திரும்பும் முதல் அடி. அதற்கு 4 விநாடி முன்னாலும் 4 விநாடி பின்னாலும் இரண்டாம் பிரதியை வெட்டி 8 விநாடித் துண்டாக்குங்கள். துண்டைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தினால் அதன் விவரப் பெட்டி திறக்கும். வேகத்தை மாற்றும்போது சுருதியைக் காப்பாற்றும் தேர்வு அதில் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் மென்பொருள் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டும், சீப்பு கலைந்துவிடும். பிறகு பிளேபேக் வேகத்தை 0.9995 என்று போடுங்கள்.

0.9995 என்பது வேகத்தில் 0.05 சதவீதக் குறைவு. 4 விநாடியில் இந்தத் துண்டு 2 மில்லி விநாடி பின்தங்கும். ஆகவே துண்டை 2 மில்லி விநாடி முன்னால் நகர்த்தி வையுங்கள். இப்போது அது அசலை விட 2 மில்லி விநாடி முந்திக்கொண்டு தொடங்கும், 4-வது விநாடியில் அசலோடு ஒட்டும், 8-வது விநாடியில் 2 மில்லி விநாடி பிந்தி முடியும். துண்டுகளைக் கட்டத்தோடு ஒட்டவைக்கும் ஸ்னாப் போட்டிருந்தால் இவ்வளவு சிறிய நகர்வை அது விடாது, ஆல்ட்+எஸ் அழுத்தி அணைத்துவிடுங்கள். துண்டின் இரு முனைகளிலும் சின்ன ஃபேட் கொடுங்கள்.

பிளே செய்யுங்கள். 250 ஹெர்ட்ஸில் தொடங்கி ஏறி, பல்லவியின் முதல் அடியில் எல்லாப் பள்ளங்களும் மேலே பறந்து போய், ஒரு கணம் கிட்டார் முழுசாக, வழக்கத்தை விடப் பளிச்சென்று நிற்கும். அடுத்த கணம் மேலிருந்து இறங்கத் தொடங்கும். 0.05 சதவீத வேக மாற்றத்தில் சுருதி கெடுவது காதுக்குத் தெரியாது. வேகமான சுழல் வேண்டுமென்றால் 0.999 போட்டு, துண்டை 4 மில்லி விநாடி முன்னால் வையுங்கள். 0.99 போட்டால் விநாடிக்கு 10 மில்லி விநாடி விலகல், சுழல் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

இந்த வழியில் நகர்வு நேர்கோடாக இருக்கும். பூஜ்ஜியத்தின் இடம் கச்சிதமாக விழும், ஆனால் விரலின் தயக்கம் இருக்காது. முதல் நாள் இதைச் செய்யுங்கள். காதுக்குப் பழகிய பிறகு அடுத்ததற்கு வாருங்கள்.

இரண்டாம் வழி: இரண்டு டிலே, ஒரு கை

முதல் பிரதியின் டிராக்கில் 4 மில்லி விநாடி நிலையான டிலே போடுங்கள். சாம்பிள் கணக்கில் கேட்டால், 48,000 வேகத்தில் அது 192 சாம்பிள். இரண்டாம் பிரதியில் மாற்றக்கூடிய டிலே போடுங்கள். இரண்டிலும் அசல் ஒலி சேரக் கூடாது, டிலே ஒலி மட்டும் 100 சதவீதம், ஃபீட்பேக் பூஜ்ஜியம். இரண்டாம் டிலேயை 4-க்கு மேலே கொண்டுபோனால் பிரதி பிந்தும், கீழே கொண்டுவந்தால் முந்தும். அசலையே கொஞ்சம் தாமதப்படுத்திவிட்டதால் பெடலால் முடியாத கடத்தல் இங்கே முடிகிறது. இந்த முறையில் முழுப் பகுதியும் 4 மில்லி விநாடி தாமதமாகும். எல்லாம் முடிந்து ஒரே ஃபைலாக எடுத்த பிறகு அதை 4 மில்லி விநாடி முன்னால் தள்ளிவிட்டால் சரியாகிவிடும்.

எல்லா டிலே பிளகினும் இதற்கு ஒத்துவராது. சோதனை எளிது. நீளமான ஒரு கீபோர்டு ஸ்வரத்தை ஓடவிட்டு டிலே குமிழை மெதுவாகத் திருப்புங்கள். சுருதி வழுக்கிக்கொண்டு போனால் நல்ல பிளகின். 'டிக் டிக்' என்றோ, ஜிப் இழுப்பது மாதிரியோ கேட்டால் வேறு ஒன்றைத் தேடுங்கள். பழைய டேப் எக்கோவைப் பின்பற்றிச் செய்யப்பட்ட டிலேக்கள் பெரும்பாலும் வழுக்கும்.

பூஜ்ஜியம் எது என்பதைக் குமிழின் எண்ணைப் பார்த்து நம்பாதீர்கள். போலாரிட்டியைத் தலைகீழாக்கி, ஒலி நன்றாக அடங்கும் இடத்தைத் தேடி, அங்கே ஆட்டோமேஷன் பாதையில் (குமிழின் அசைவைக் கோடாகப் பதியும் இடத்தில்) ஒரு குறி போட்டுக்கொண்டு, போலாரிட்டியைப் பழையபடி திருப்பிவிடுங்கள். அதுதான் உங்கள் உண்மையான பூஜ்ஜியம். அது 4.00 ஆகவும் இருக்கலாம், 3.97 ஆகவும் இருக்கலாம்.

இப்போது கை வேலை. டிலே நேரத்தின் ஆட்டோமேஷனை, கை அசைவைப் பதியும் டச் அல்லது லாட்ச் நிலையில் வைத்து, பாட்டை ஓடவிட்டு, குமிழைக் கையால் திருப்பிப் பதிவு செய்யுங்கள். மிடி கன்ட்ரோலர் (மென்பொருளை இயக்கும் குமிழ்ப் பலகை) வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். சாதாரண மிடி குமிழில் 128 படிகள்தான். 1 முதல் 7 மில்லி விநாடி வரை வீச்சு கொடுத்தால் ஒரு படி ஏறக்குறைய 0.05 மில்லி விநாடி, பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் அது பெரிய தாவல். 3 முதல் 5 வரை என்று வீச்சைக் குறுக்கினால் படி 0.016-ஆகக் குறையும், பூஜ்ஜியமும் குமிழின் நடுவில் வந்து உட்காரும். மிடி இல்லையென்றால் மவுஸ் போதும். பல பிளகின்களில் கன்ட்ரோல் அல்லது ஷிஃப்ட் அழுத்தியபடி இழுத்தால் குமிழ் நுணுக்கமாக நகரும்.

கை எப்படிப் போக வேண்டும்? நான் செய்வது இது. ஒரு வரி முடியும் இடத்தில் 5-இலிருந்து மெதுவாக இறங்கத் தொடங்குவேன். பூஜ்ஜியத்தை நெருங்கும்போது கையை இன்னும் மெதுவாக்குவேன், ஏனென்றால் மேல் ஸ்தாயிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தாளத்தின் சமம் விழும்போது தாண்டிவிட்டு, மறுபக்கம் கொஞ்சம் வேகமாக ஓடவிடுவேன். சில சமயம் தாண்டாமல் பூஜ்ஜியத்தின் வாசலில் நின்று, ஒரு சொல்லுக்குக் காத்திருந்து, அந்தச் சொல் வரும்போது தாண்டுவேன். இதை எந்த எல்எஃப்ஓவும் செய்யாது. ஐந்தாறு முறை பதிவு செய்து ஒவ்வொன்றையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது அல்லது நான்காவது முறைதான் பெரும்பாலும் நன்றாக வரும். கை அப்போது பாட்டைத் தெரிந்துகொண்டிருக்கும், சலிப்பும் தொடங்கியிருக்காது. பதிவான கோட்டை மவுஸால் வழவழப்பாக்க வேண்டாம். பூஜ்ஜியம் சமத்திலிருந்து கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் கோட்டை மொத்தமாகப் பிடித்து நகர்த்துங்கள்.

இவ்வளவு ஏற்பாடு செய்ய நேரமில்லாத நாளுக்கு வால்ஹல்லா நிறுவனத்தின் ஸ்பேஸ்மாடுலேட்டர் என்ற இலவச பிளகின் இருக்கிறது. பூஜ்ஜியத்தைக் கடக்கும் வகைகள் அதில் உண்டு. கேட்டுப் பழகவும் நல்லது. ஆனால் பூஜ்ஜியத்தை நாம் நினைத்த சொல்லில் வைக்கும் சுதந்திரத்துக்கு மேலே சொன்ன இரண்டு வழிகளுக்கும் ஈடில்லை.

தலைகீழாக வைத்தால்

சோதனைக்காகப் போலாரிட்டியைத் தலைகீழாக்கினோம் அல்லவா, அதை அப்படியே விட்டும் சுழல் செய்யலாம். குணம் முற்றிலும் வேறு. நேராக வைத்தால் பூஜ்ஜியத்தில் ஒலி முழுசாகத் திறக்கும். தலைகீழாக வைத்தால் நெருங்க நெருங்கக் கீழ் அதிர்வெண்கள் முதலில் காணாமல் போய், ஒலி மெலிந்து, கீச்சென்று ஆகி, பூஜ்ஜியத்தில் ஒரு கணம் மறைந்தே போகும், பிறகு மறுபக்கம் வெளியே வரும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே டிரம்ஸை விழுங்கிவிட்டுத் துப்ப வேண்டுமென்றால் இதைவிட அழகான வழி கிடையாது. பாட்டு முழுக்க வேண்டாம், கீழ்ஸ்தாயி இல்லாத ஒலி காதைச் சீக்கிரம் களைப்பாக்கும்.

இரண்டு பிரதிகளையும் இடம், வலம் என்று முழுக்கப் பிரித்துவிட்டால் ஹெட்ஃபோனில் சுழல் போய்விடும். ஒலி தலைக்குள் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நடந்து போவதுதான் தெரியும். அது தனி அழகு. ஆனால் அந்தப் பாட்டையே மோனோ ஸ்பீக்கரில் போட்டால் பிரதிகள் கலந்து சுழல் திரும்ப வரும். எதைச் செய்தாலும் மோனோவில் ஒரு முறை கேளுங்கள்.

டேப்பின் நிறம்

டேப்பின் மெல்லிய சிதைவைச் சேர்க்கும் டேப் சாச்சுரேஷன் பிளகின் எதையாவது போட நினைத்தால் அதை இரண்டு பிரதிகளும் சேர்ந்த பிறகு போடுங்கள், அல்லது ஆரம்பத்தில் எடுத்த மோனோ ஃபைலுக்கே போட்டுவிடுங்கள். பழைய டேப்பில் மேல் அதிர்வெண்கள் கொஞ்சம் மழுங்கும். டிஜிட்டல் பதிவில் சிம்பல் கூர்மையாக இருப்பதால் பூஜ்ஜியத்தில் காதைக் கிழிப்பது மாதிரி வரும். 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் 2, 3 டெசிபல் மெதுவாக இறக்கினால் சுழல் கண்ணாடித்தன்மை போய் உருண்டையாகும். டேப் இரைச்சல் சேர்ப்பது உங்கள் விருப்பம். நான் கொஞ்சம் சேர்ப்பேன், ஆனால் பிரதிகளுக்குள்ளேயே சேர்ப்பேன். அப்போது பாட்டு அமைதியாகும் இடத்தில் அந்த இரைச்சலும் கூடவே சுழலும், ஆரம்பத்தில் சொன்ன ஷவர்ச் சத்தம் மாதிரி.

வீட்டில் கேசட் டெக் இருந்தால்

பரணில் ஏதாவது ஒரு டெக் ஓடும் நிலையில் இருந்தால் அதை இறக்குங்கள். ஐசோபுரொப்பில் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சில் தொட்டு, டெக்கின் டேப் உரசும் தலையையும், டேப்பை ஓட்டும் உலோகத் தண்டையும் துடையுங்கள். பழுப்பு நிறத்தில் அழுக்கு வரும், வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும்.

கேசட் விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. 1 மில்லி விநாடிக்கு 0.05 மி.மீ. கூட இல்லை, ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். எனவே கேசட்டின் வேகம் கணினியோடு ஒட்டி ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. அரை சதவீதம் விலகினாலே விநாடிக்கு 5 மில்லி விநாடி போய்விடும். இதைச் சமாளிக்க ஒரு வழி: கணினிப் பிரதியோடு கேசட் பிரதியைக் கலக்காதீர்கள். ஒரே கேசட்டை ஒரே டெக்கில் இரண்டு முறை ஓடவிட்டு, இரண்டு ஓட்டங்களையும் கணினியில் பதிவு செய்து, அவற்றை ஒன்றோடொன்று கலங்கள். டெக்கின் நிலையான வேகப் பிழை இரண்டிலும் ஒன்றுதான். ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் சின்னத் தள்ளாட்டம் மட்டும் மிஞ்சும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

பதிவு செய்யும்போது டெக்கின் இரைச்சல் குறைக்கும் டால்பியை அணைத்துவிடுங்கள். மோனோவாகவே அனுப்புங்கள், திரும்ப எடுக்கும்போது ஒரே ஒரு சேனலை மட்டும் எடுங்கள். 15, 20 விநாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் 2 விநாடி முன்னால் கூர்மையான ஒரு 'டக்' ஒலி வையுங்கள். கணினிக்குள் வந்ததும் இரண்டு ஓட்டங்களின் 'டக்'கையும் நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் தொடக்கம் ஒட்டும். அதற்கப்புறம் கேசட்டே விரலின் வேலையைச் செய்யும். இரண்டும் மெல்ல விலகும், திரும்ப வரும், சில சமயம் ஒரே துண்டில் இரண்டு மூன்று முறை கடக்கும். ஒரு பக்கமாகவே விலகிக்கொண்டு போனால் இரண்டாவது ஓட்டத்தின் வேகத்தை 0.9998, 1.0002 என்று துளித்துளியாக மாற்றிப் பாருங்கள்.

இந்த வழியில் பூஜ்ஜியம் எங்கே விழும் என்பதைக் கேசட்தான் முடிவு செய்கிறது. அதனால் நாலைந்து ஓட்டங்கள் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டிரண்டாகச் சேர்த்துக் கேட்டு, நல்ல கடத்தல் எதில் இருக்கிறது என்று பாருங்கள். அது பல்லவிக்கு அரை விநாடி முன்னால் விழுந்திருந்தால், ஒரு ஓட்டத்தை 0.1 மில்லி விநாடி முன்னாலோ பின்னாலோ தள்ளுங்கள். கடக்கும் இடம் பாட்டில் வேறோர் இடத்துக்கு நகரும். அது பல்லவியின் முதல் எழுத்தில் வந்து உட்காரும் வரை தள்ளிக்கொண்டே இருங்கள்.